வோக்ரேன் நிறுத்தம்

எங்கள் நூலகத்தில் இதற்குக்
களையெடுப்பு என்று பெயர்.
பத்தாண்டாக யாரும் தொடாத புத்தகத்தின் முதுகில்
சிவப்பு வட்டம் ஒட்ட வேண்டும்.
அன்செல்ம் வோக்ரேனுக்கு மட்டும்
இருபத்தேழு வட்டம்.
கடைசி ஒன்றுக்கு ஒட்டுத்தாள் தீர்ந்துபோய்ப்
பேனாவால் வரைந்தேன்.
களையெடுத்ததும்
களை போயிற்று அலமாரிக்கு.

அவர் செத்த அன்று
அல்லியே ஆற்றுப் பாலத்தில்
மூன்று மணிநேரம் வண்டி எதுவும் ஓடவில்லையாம்.
மந்திரி வந்தாராம்.
குதிரைகளுக்குக் கறுப்புத் துணி.
தையல்காரி ஒருத்தி
அவருடைய கதாநாயகி உடுத்தும் அதே சாம்பல் அங்கியில்
வந்து அழுதாளாம்.
நகராட்சிக் குறிப்பேட்டில் இருக்கிறது,
குதிரைத் துணியின் விலையோடு.

வேலை முடிந்து
மூன்றாம் எண் பேருந்து.
பதிவுசெய்த பெண்குரல் சொல்கிறது:
அடுத்த நிறுத்தம், அன்செல்ம் வோக்ரேன்.
நாளைக்கு எண்பது தடவை.
உயிரோடு இருந்த காலத்தில்கூட
இத்தனை முறை கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.
“யார் இந்த ஆள், தெரியுமா?”
ஓட்டுநர் நதேஜ் கண்ணாடியில் பார்த்தாள்.
“டயர் கடைக்காரரோட அப்பா.”
துளி சந்தேகமில்லை அவளுக்கு.

என் பையில் ஒன்று இருந்தது.
அந்தக் காலத்துப் பதிப்பு;
வாசகரேதான் பக்கங்களை வெட்டிக்கொள்ள வேண்டும்.
யாரோ நூற்றுப் பன்னிரண்டு வரை வெட்டிவிட்டு
எழுந்து போயிருக்கிறார்கள்.
மிச்சமெல்லாம்
கண் திறக்காத நாய்க்குட்டிகளாய்
ஒட்டிக் கிடந்தன.

வெங்காயம் நறுக்கிய கத்தியைத் துடைத்துக்கொண்டு
உட்கார்ந்தேன்.
உண்மையைச் சொன்னால், தாங்கவில்லை.
ஒரு சூரியன் மறைய ஒன்பது பக்கம்.
எல்லோருக்கும் நெற்றி வெளுக்கிறது,
எல்லோரும் சன்னலருகே போய்த்தான் பேசுகிறார்கள்.
எழுந்து போனவரை
எனக்குப் புரிந்தது.

நூற்று நாற்பத்தொன்றில்,
விருந்தாளி போன பிறகு
ஒருத்தி வெள்ளிக் கரண்டிகளை எண்ணுகிறாள்.
எல்லாம் சரியாக இருக்கின்றன.
அவன் எதையுமே எடுத்துக்கொண்டு போகவில்லை
என்று
அப்போதுதான் அழுகிறாள்.

கத்தியைக் கீழே வைத்தேன்.
அடுத்த பக்கம் மறுபடி நெற்றி வெளுத்தது.
அது கிடக்கட்டும்.

வியாழக்கிழமை
காகித ஆலை வண்டி வந்தது.
முட்டை அட்டை செய்வார்களாம்.
மேலாளர் தெலெஸ்த்ராக்
பெட்டிக்குள் குனிந்து எண்ணினார்,
விரலை எச்சில் தொட்டு மறுபடி எண்ணினார்.
“ஒன்று குறைகிறதே. யாரோ திருடிவிட்டார்கள்.”

பிறகு
“வோக்ரேனையா!” என்று
அவரே சிரித்து,
ஏழை ஆறாகத் திருத்திக்
கையெழுத்துப் போட்டார்.