கொண்டலுக்கு முன் மூட வேண்டியவை

தங்கச்சிமடம் மெயின் ரோட்டில்
வண்ணமீன் கடை என்றால்
கேட்கிறவர்கள் ஒருமுறை கடலைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.
பார்க்கட்டும்.
என் கோல்டு ஃபிஷுக்கு உப்புத் தண்ணீர் ஆகாது.

கொண்டல் எழும்பினால்
ஷட்டர் இடுக்கில் நுழைந்து
நேரே மூன்றாம் தட்டுக்குத்தான் வரும்.
செதில் தீவனம் அப்பளமாய் நமுக்கும்.
ஆர்ட்டீமியா முட்டை கட்டிதட்டும்.
கல்லுப்பு மூட்டை
உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துக்கொள்ளும்.
ஃபில்டர் கரியோ
பக்கத்துக் கருவாட்டுக் கிட்டங்கி வாசத்தையெல்லாம் குடித்துவிட்டு
ஒன்றுமே தெரியாததுபோல் கறுப்பாக இருக்கும்.

போன ஐப்பசியில்
உச்சிப்புளி நேவி குவார்ட்டர்ஸிலிருந்து
ஓர் அம்மா வந்தாள்.
திட்டவில்லை.
டப்பாவை மேசையில் வைத்து
மூடியைக் கழற்றிக் காட்டினாள்.
உள்பக்கம் சாம்பல் நிறத்தில் மயிர் முளைத்திருந்தது.
"ஒன்பது மீன்" என்றாள்.
திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் இதெல்லாம்:
மதுரைப் பெரிய டின் வந்த அன்றே
ஏழு பாட்டிலாகப் பிரித்துவிடுவேன்.
ஒன்று தீராமல் மற்றொன்று திறப்பதில்லை.
திறந்த தேதி பிளாஸ்திரியில், பேனாவால்.
தொட்டியில் நனைந்த கை பாட்டிலுக்குள் போகக்கூடாது,
அது யார் கையானாலும்.
ஃப்ரிட்ஜில் இருந்ததை எடுத்தவுடன் திறந்தால்
உள்ளே வியர்த்துவிடும்;
ஓர் இரவு வெளியே இருக்கட்டும்.

மெடிக்கல் ஷாப் ஜெனோவா
மாத்திரை டப்பாவில் வருகிற
'தின்னாதே' பொட்டலங்களை எனக்கென்று சேர்த்துவைக்கிறாள்.
நீல மணிகள் தனியாக வாங்கித் துணிப்பையில் கட்டியிருக்கிறேன்.
ஈரம் குடித்து ரோஸ் ஆனால் வாணலியில் போட்டு
மெல்லிய தீயில் வறுக்க வேண்டும்,
நீலம் திரும்பும்வரை.
அந்த வாணலியில் கடுகு தாளிக்கக் கூடாதென்று
வீட்டில் மூன்று முறை சொல்லியாயிற்று.

நேற்று பாம்பனில் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.
விசைப்படகு எதுவும் போகவில்லை.
வியாகுலம் கடையில் வந்து உட்கார்ந்தார்.
கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில்
பகலில் என் கடையில் அவர் உட்கார்ந்தது
நாலைந்து தடவை இருக்கும்.
சும்மா இருக்க முடியாமல்
நாலாம் பாட்டிலைத் திறந்து மோந்தார்.

"சூடை."

"என்ன?"

"சூடைதான்டி இது. நம்ம கரையில காஞ்சது."

டின்னில் இருந்தது எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து.
இருந்தாலும் அவர் மூக்கை நான் மறுத்ததில்லை.
இருக்கலாம்.
இந்த மணலில் காய்ந்து
கோணிச்சாக்கில் லாரி ஏறி
எங்கேயோ அரைபட்டு, சிவப்புச் சாயம் ஏறி,
நூறு கிராம் இருநூற்றுப் பத்து ரூபாயாகத்
திரும்பி வந்திருக்கலாம்.
கிலோ என்ன விலைக்குப் போட்டீர்கள் என்று கேட்க நினைத்தேன்,
கேட்கவில்லை.

வெளியே தகரம் படபடத்தது.
"மூடுங்க, காத்து வருது" என்றேன்.

பிறந்ததிலிருந்து நனைந்தே கிடக்கிற கை.
கைலியில் இரண்டு பக்கமும் துடைத்து
வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு
மூடியைத் திருகினார்,
நரம்பு புடைக்க.

இன்று காலையிலிருந்து
அந்தப் பாட்டிலை என்னால் திறக்க முடியவில்லை.