ஏணிக்குறி

பதவி உயர்வுப் படிவத்தின் பதினோராம் பக்கத்தில்
'துறைக்கு ஆற்றிய பங்களிப்பு' என்று ஒரு கட்டம்.
பேனா அங்கேயே நின்றுவிட்டது.
வெளியே கிருஷ்ணகிரி ரவுண்டானாவில்
மாங்கூழ் டாங்கர் ஒன்று திரும்ப வழியில்லாமல்
ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

என்னை நாலு பேருக்குத் தெரிந்ததே ஓர் ஏணியால்தான்.
பர்கூருக்கு மேற்கே ஆனைமடுவுக் கரட்டில்
குனிந்து நுழையும் பாறை இடுக்கில்
வெள்ளையில் தீட்டிய ஏணி.
இரண்டு நெடுங்கோடு, ஏழு படி.
ஏழாவது மட்டும் வலப்பக்கம் நீண்டு
கீழ்நோக்கி வளைந்திருக்கும்.

ஈமச் சடங்கின் ஏறுபாதை என்று எழுதினேன்.
ஈராயிரம் ஆண்டுக்கு முந்தையது என்று எழுதினேன்.
வதோதராவில் கைதட்டினார்கள்.
பதினான்கு பேர் அடிக்குறிப்பில் என்னை வைத்தார்கள்,
ஒருவர் அட்டையிலேயே ஏணியைப் போட்டார்.
தொகுப்பூதியம் போய் நிரந்தரம் வந்தது.
அந்த ஏணியில் ஏறியது
ஆவி அல்ல, நான்.

விமர்சகர் என்றும் எனக்கொரு பெயர் உண்டு.
பெங்களூருக் காட்சிக்கூடங்களில்
சுவருக்கு நாலடி தள்ளி நின்று
'இந்தக் கோடு பொய் சொல்கிறது' என்று
அடுத்தவர் கோட்டைப் பற்றி எழுதுபவள்.
அப்படி எழுதப்பட்ட பையன் ஒருவன்
ஓவியத்தை விட்டு டைல்ஸ் கடைக்குப் போனான் என்று கேட்டபோது
அடுத்த கட்டுரையை
இன்னும் கொஞ்சம் தீட்டிக்கொண்டவள்.

போன மாசியில் மாணவர்களோடு போயிருந்தேன்.
ஒரு வேன், லெமன் சாதம்.
கரட்டின் பின்பாதி இப்போது இல்லை,
அறுத்து ஏற்றிவிட்டார்கள்.
குவாரிக் காவலர் திம்மராயன்
சாவிக்கொத்தோடு கூடவே வந்தார்.
ஏழாவது படியின் தத்துவத்தில் நான் இருந்தபோது
"மேடம்" என்றார்.
"அது நான் போட்டதுங்க."

யாரும் சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால் தேவலை.

"தொண்ணூத்தி மூணுலங்க.
எங்கெங்க வெடிப்பு ஓடுதுன்னு ஓனர் குறிக்கச் சொன்னாரு.
குறுக்குக் கோடு ஒவ்வொண்ணும் ஒரு வெடிப்பு.
கடைசி வெடிப்பு வளைஞ்சு உள்ள போயிருச்சு,
அதனாலதான் இந்தக் கல்லை வேண்டாம்னு விட்டுட்டாங்க.
சுண்ணாம்பும் வஜ்ஜிரமும்ங்க."

கை வைத்துப் பார்த்தேன்.
ஒரு படிகூட விலகாமல்
வெடிப்பின் மேலேயே ஓடியது.
பன்னிரண்டு ஆண்டாக அந்த வெடிப்புகளை
'பாறையின் இயல்பான தேய்மானம்' என்று
அடிக்குறிப்பு ஆறில் தள்ளிவைத்திருக்கிறேன்.
வெள்ளையைச் சுரண்டிச் சோதனைக்கு அனுப்பியிருந்தால்
அன்றைக்கு ஏழாயிரம் ரூபாய்.
பணம் இல்லை என்பது பாதி உண்மை.

அன்றிரவே இதழுக்கு எழுதினேன்:
காலம் தவறு, பொருள் தவறு,
கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன்.
'நேர்காணல் முடியட்டுமே' என்று பதில் வந்தது.
துறைத்தலைவர் சந்திரமௌலி
கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்:
"வாட்ச்மேன் சொன்னதுக்கு என்ன ஆதாரம்?"
நல்ல கேள்வி.
என்னிடம் அதை அப்போதே யாராவது கேட்டிருக்கலாம்.

நான்காம் பக்கத்தில் ஒரு வாக்கியம் உண்டு:
'வரைந்த கைக்குத் தான் பார்ப்பதில் ஐயமில்லை,
கோடு எங்கும் தயங்கவில்லை.'
அதை மட்டும் விட்டுவைக்க முடியுமா என்று கேட்டேன்.
அப்படி ஒரு வழி இல்லையாம்.

டாங்கர் எப்படியோ திரும்பிப் போய்விட்டது.
திரும்பப் பெற்றதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
பங்களிப்பில் எழுதினேன்:
வெடிப்புக் குறி, சுண்ணாம்பு, 1993.
வரைந்தவர் திம்மராயன்.
இனிஷியல் தெரியவில்லை.
போன் போட்டுக் கேட்டேன்.

கொஞ்ச நேரம் கல் அறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.
"எதுக்குங்க மேடம்,
கேஸு கீஸு ஆயிருமா?"