பெருமடு

முதுநகரில் செல்போன் கடைக்கு மேலே என் அறை.
பன்னிரண்டாவது படி உடைந்திருக்கும்,
சொல்லித்தான் எல்லாரையும் மேலே கூப்பிடுவேன்.

சுவரில் ஒரு சீனத்து மனிதன்.
உடம்பெல்லாம் கோடு, கோடெல்லாம் புள்ளி.
சித்தர் படம் என்று நினைத்து யாரோ
நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் போனார்.
நான் துடைக்கவில்லை.
அந்த இடத்திலும் ஒரு புள்ளி உண்டு,
மனம் அடங்க அங்கேதான் தொடச் சொல்வார்கள்.

புள்ளிகளின் பெயர்களை எனக்காகத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்.
உள்ளங்காலில் பொங்கும் ஊற்று.
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே கூடும் பள்ளத்தாக்கு.
கடலூர்க்காரனுக்குப் பள்ளத்தாக்கு எங்கே தெரியும்?
வெள்ளத்தில் கெடிலம் அரித்த கரை என்று வைத்துக்கொண்டேன்.
மணிக்கட்டு மடிப்பில், நுரையீரல் ஓடையில்,
பெருமடு.

அஞ்சலாட்சிக்கு அங்கேதான் தேவைப்பட்டது.

நாக்கை நீட்டினாள். வெளிறி, ஓரமெல்லாம் பல்தடம்.
வலது நாடியில் என் முதல் விரலுக்குக் கீழே
நூல் அறுந்து அறுந்து ஓடியது.
"மூணு, மூணரைக்கு முழிப்பு வந்துடுது சார்.
நெஞ்சு மேல யாரோ ஒக்காந்த மாரி."
மூன்றிலிருந்து ஐந்து நுரையீரலின் நேரம் என்றேன்.
துக்கம் தங்குவது அங்கே,
மூச்சோடு போய்வரும் உயிர் ஒன்று
அங்கேதான் குடியிருக்கிறது என்று
படித்ததைச் சொன்னேன்.
"அப்ப வாடகை சரியா வர்ல" என்றாள்.

மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில் கொடுத்த பஃப்பை நிறுத்தாதீர்கள்,
ஊசி அதற்குக் கூட, அதற்குப் பதில் இல்லை.
அதையும் சொன்னேன். எல்லாரிடமும் சொல்வதுதான்.

பையிலிருந்து நோட்டு ஒன்றை எடுத்தாள்.
அட்டையில் மகன் பெயரை அடித்துத் தன் பெயர்.
தேதி. மணி. நாற்றம்.
*3.10 அழுகின முட்டை.*
*3.25 நகப்பூச்சு.*
*3.20 முட்டை, கண்ணெரிச்சல், புள்ள வாந்தி.*
*2.50 அழுகின பலாப்பழம், கொஞ்ச நேரம்தான்.*
தொழிற்பேட்டை மதிலோரம் அவள் வீடு.
ஒன்பது வருஷமாகக் காற்றை எழுதியிருக்கிறாள்.

நானும் எழுதினேன்.
ஊசிக்கு முன்னால் பதினாறு வருஷம்
அதே மதிலுக்கு உள்ளே.
கேஜ் பார்ப்பது வேலை. முள் எங்கே நின்றாலும்
லாக் புத்தகத்தில் ஒரே சொல்:
நார்மல். நார்மல். நார்மல்.
கீழே என் கையெழுத்து.
முள்ளின் அந்தத் துடிப்பு விரல்நுனியை விட்டுப் போகவேயில்லை.
நாடி பார்க்க எனக்குச் சீக்கிரம் வந்தது அதனால்தான்.
கைராசி என்கிறார்கள்.

தேதிகளைப் பார்த்தேன்.
புள்ளை வாந்தியெடுத்த அந்தத் தை மாத வாரம்
எனக்கு நைட் ஷிப்ட்.

ஊசி வைக்குமுன் ஒரு நிமிஷம் கண்மூடுவது வழக்கம்.
எந்தச் சாமியையும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டேன்,
சும்மா இருப்பேன், அது வரும்.
இன்று துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற சத்தம்தான் வந்தது.
பஞ்சால் துடைத்து
பெருமடுவில் ஒரே ஒரு ஊசி, முடியின் கனம்.
என் கைதான் கனத்தது.

தூங்கிவிட்டாள்.
வாய் லேசாகத் திறந்து,
கட்டிலுக்கு வெளியே ஒரு கால் தொங்க.
இருபது நிமிஷத்தில் எடுத்திருக்க வேண்டும், நாற்பது விட்டேன்.
நோட்டு என் மடியில் இருந்தது.

எழுந்து முந்தானையைச் சரிசெய்தபடி கேட்டாள்:
"நோட்டுல எதுனா தெரிஞ்சுதா சார்?"

நோயாளிச் சீட்டில் நேரம் என்றொரு கட்டம்.
3.20 என்று போட்டேன்.
குறிப்பு என்ற இடத்தில் பேனா நின்றது,
நின்ற இடத்திலேயே துடித்தது.
பிறகு எழுதினேன்:
நார்மல் இல்லை. நான் உள்ளே இருந்தேன்.

சீட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.
பைக்குள் கைவிட்டு
கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.