பூனை, பில்லி

குடியாத்தத்தில் ஏறினால்
கே.வி. குப்பம், லத்தேரி, காட்பாடி.
ஜன்னலோரம் அவன்.
புதுக் கண்டக்டர் கன்னத்தைத் தட்டுவார்:
"தம்பி பேரென்ன?"

பிரணீத் என்று வைத்தது நாங்கள்தான்.
அதில் அவன் கைக்குக் கிடைப்பது
"ஈ" மட்டும்.
வகுப்பில் கையை வீசி விரட்டினார்களாம்.
சேர்ந்து சிரித்தானாம் இவனும்.

"ரெண்டு பாஷை குழப்புது,
வீட்ல தெலுங்கை நிறுத்துங்க"
என்றாள் டீச்சர்.
நிறுத்தினோம். எட்டு மாசம்.
சித்தூரிலிருந்து மாமனார் போன் வந்தால்
மொட்டை மாடிக்கு ஓடுவார் இவர்,
திருட்டு பீடி பிடிக்கிறவர் மாதிரி.
நடுராத்திரி குழந்தை சிணுங்கினால் மட்டும்
"ஏமி நானா" என்று வந்துவிடும்.
உதட்டைக் கடித்துக்கொள்வேன்.

வேலூரில் மூன்றாம் மாடி.
கண்ணாடிக்கு முன் இரண்டு நாற்காலி.
ஷெரின் படத்தைக் காட்டுகிறாள்: பூனை.
உதடு குவிகிறது, விரிகிறது,
நாக்கு மேலே போய்த் தடவிவிட்டு இறங்குகிறது,
கரண்ட் போன வீட்டில்
தீப்பெட்டி தேடும் கை.
"தூ."
இன்னொரு முறை.
"ஊகை."
இன்னொரு முறை.
வெறும் காற்று.
பூனை அவனுக்குத் தெரியும்.
கன்னத்தில் மீசை இழுத்துக் காட்டுகிறான்,
இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று.

"வீட்டில் என்ன மொழி?"
தெலுங்கு என்றேன்,
பாக்கி வைத்த மளிகைக்கடையில் பேசுகிற குரலில்.
"அதில் பூனைக்கு?"
"பில்லி."
சொல்லச் சொன்னாள்.
அதே உதடு. அதே தேடல்.

நோட்டை மூடிவிட்டுச் சொன்னாள்,
மலையாளம் கலந்த தமிழில்:
"பாஷை ஒண்ணும் பண்ணலை.
வார்த்தை உள்ளே ரெடி.
வாய் எப்படி அசையணும்னு
சொல்லிவிடுற இடத்துலதான் சிக்கல்.
ரெண்டும் பேசுங்க."
பாத்ரூம் எங்கே என்று கேட்டேன்.
குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு நாற்பது நாள்.
ஷெரின் செய்த மாதிரி
இரண்டு விரலால் அவன் உதட்டை மூடி, விடுவேன்.
மூடி, விடுவேன்.
குக்கர் நாலாவது விசிலும் போய்விடும்.

ஒரு சாயங்காலம் சன்ஷேடில் சாம்பல் பூனை.
தன் விரலைத் தானே உதட்டில் வைத்தான்.
"ப்."
அப்புறம் எதுவும் இல்லை.
எந்தப் பூனையின் முதல் எழுத்து அது?
கேட்கவில்லை. இரண்டுக்கும் பால் வைத்தேன்.

மறுநாள் அதே சன்ஷேடு, அதே பூனை.
"கீ" என்றான்.
பாத்திரம் கழுவிக்கொண்டே,
"அவுனு நானா,
வச்சிந்தி" என்றேன்.