அறுபது பல்

சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட். கராஜ் முழுக்கத்
தீய்ந்த கியாட் பலகையின் வாடை.
பிளேடு மழுங்கிவிட்டது என்றேன்.
புதிதுக்கு எண்ணூறு ராண்ட்,
விலைகூட விசாரித்தாயிற்று.

லோகாம்பாள் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள்.
மழுங்கலா இது? பிசின்.
நார்வாக்கில் அறுக்க இருபத்துநாலு பல் போதும்,
அறுபதை மாட்டினால் கருகாமல் என்ன செய்யும்?

கேக் தட்டில் வெந்நீர், சோடா உப்பு,
என் பழைய டூத்பிரஷ்.
ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தாள்,
தேய்க்கத் தேய்க்க எண்ணினாள்.
ஐம்பத்தொன்பதில் நின்றாள்.

துறைமுகத்துப் பாலெட் கட்டையில்
ஆணியே இல்லை என்று
போன மாதம் அடித்துச் சொன்னவன் நான்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
பல் போன பள்ளத்தில்
விரலை வைத்தபடி நிமிர்ந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
வாழ்க.