தடைக்கால வண்டி

படகு கயிற்றில் கிடக்கிறது.
சம்மாட்டி பெயிண்ட் டப்பாவோடு அலைகிறார்.
ஓட்டுநர் எனக்கு அறுபத்தொரு நாள் கடல் கிடையாது,
கைக்கு ஏதாவது வேண்டும்.

மண்டபம் தெற்குத் துறைக்குப் பின்னால்
ஐஸ் கம்பெனிச் சுவரோரம்
நாலு நங்கூரக் கல்லின் மேல் ஏற்றி வைத்திருக்கிறேன்:
ஃபார்கோ லாரியின் மூக்கு,
அம்பாசடரில் கழற்றிய டீசல் எஞ்சின்,
பின்னால் நானே மடக்கிய தகரத் தொட்டி.
பாதி லாரி, பாதி கார், மீதி என் வளையல்
என்பாள் ரொசாரி.

முன்பக்கம் ஜீப்பின் பட்டை.
ஏழில் மூன்றை உருவினேன்.
முட்டப் போகும் கிடாபோல்
தலையைத் தாழ்த்திக்கொண்டது வண்டி.
பின்பக்கத்துக்கு நாலு கை செய்ய வேண்டும்:
ஆக்சில் மேலும் கீழும் போகலாம்,
முன்னும் பின்னும் போகக் கூடாது.
வாலிநோக்கத்தில் உடைத்த கப்பலின் குழாய்
எடைக்குக் கிடைத்தது.
எந்தெந்தக் கடலைப் பார்த்ததோ,
இனி தார்ச்சாலைக் குழிகளைப் பார்க்கட்டும்.

கோணம் பார்க்க மட்டப்பலகை இல்லை.
பாதித் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைச் சாய்த்து வைத்து
சாக்பீஸால் கோடு இழுத்தேன்.
படகுக்கு ஷாஃப்ட் நேராக்கிய கண்
ஒரு நூல் பிசகினாலும் கூசும்.
ஒரு நூல் பிசகியது.
வெட்டினேன். மறுபடி ஒட்டினேன்.

கச்சான் காற்றில் வெல்டிங் ராடு
அப்பளமாய் நமத்துவிடும்.
செத்துப்போன ஃபிரிட்ஜுக்குள் அடுக்கி
நாற்பது வாட் பல்பு எரியவிட்டு மூடுகிறேன்.
ரொசாரி அதில் கருவாட்டையும் வைத்துவிட்டாள்.
ஒரு வாரம் என் தீப்பொறியெல்லாம் நெத்திலி வாசம்.

புகைக்குழாய்தான் படுத்தியது.
ஜி.ஐ. பைப் ஆகாது; பற்றவைத்தால் வெள்ளைப் புகை,
ராத்திரி குளிர்க்காய்ச்சல். ஒரு முறை பட்டிருக்கிறேன்.
கறுப்புக் குழாயைச் சும்மா வளைத்தால்
வயிறு ஒட்டிப்போகும்.
உள்ளே மணலை இறுக்கி, இரு முனையிலும் கட்டை அடித்து,
சிவக்கச் சுட்டு வளைக்க வேண்டும்.
மணலுக்கா பஞ்சம்? காலடியில் அள்ளினேன்.
அந்த மணலுக்குள் கடல் ஒளிந்திருந்தது.
சூடேறியதும் ஆவியாய் முட்டி
கட்டையை எறிந்தது,
செய்கு ஜலாலின் லேத் பட்டறைக் கூரை வழியாக.
அவர் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்.
பிறகு என்னைப் பார்த்தார்.
"மணலை வறுடா" என்றார். அவ்வளவுதான்.
கடலை வண்டிக்காரரின் சட்டியை வாடகைக்கு எடுத்து
உப்பு வெடிக்க வெடிக்க வறுத்தேன்.
நாலு குழாயும் நாலு விதமாய் வளைந்து
ஒரே சகனில் கைவைத்த நாலு பேராய்
ஒரு வாயில் சேர்ந்தன.

ஐம்பத்து மூன்றாம் நாள், இரவு பத்து மணி.
சைலன்சர் இன்னும் மாட்டவில்லை.
சாவியைத் திருப்பினேன்.
கரகரத்து, இருமி,
அப்புறம் எங்கள் படகின் குரலில் பேசியது.
கால் மணி நேரத்தில் டார்ச் வெளிச்சம்.
மீன்துறை ஆள். பெயர் வழிவிட்டான்,
வழியை மறித்து நின்றார்.
"தடைக்காலத்துல எந்த போட்டுய்யா எடுத்தது?"
நான் கையைக் காட்டினேன்.
வெளிச்சம் டயரில் விழுந்து,
மேலேறி, மறுபடி டயருக்கே இறங்கியது.
வெள்ளைச் சட்டையோடு அடியில் படுத்துவிட்டார்.

ரொம்ப நேரம்.
பிறகு குரல் மட்டும்:
"குழாயைச் சட்டத்தோட ஒட்டிப்புட்டியே.
எஞ்சின் ஆடும், சட்டம் ஆடாது.
நாலு நாள்ல விரிசல் விடும்.
ரப்பர்ல தொங்கவிடு."
எழுந்தவர் முதுகு மணலைத் தட்டாமலே போனார்.

லாரி டயரை அறுத்து நாலு தூளி கட்டினேன்.

அறுபதாம் நாள் கல்லை உருவி இறக்கியதும்
இடது பக்கம் அரை விரல் தாழ்ந்து நின்றது.
பட்டையைப் பார்த்தேன், புஷ்ஷைப் பார்த்தேன்,
பாட்டிலை வைத்தும் பார்த்தேன்.
நாளை மறுநாள் விடியுமுன் கடல் திறக்கிறது,
இனி வெட்டி ஒட்ட நாளில்லை.
ரொசாரி இடது கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.
இன்னும் ஒரு நூல் இறங்கியது.
"ஒண்ணும் சொல்லாதே" என்றாள்,
நான் வாயே திறக்காதபோது.
"ஓட்டு."