சுமைக்காட்டி

கிளினிக்கில் நூற்று அறுபத்தெட்டு.
மாடிப்படி ஏறிய மூச்சு இன்னும் இறங்கவில்லை.
சட்டைக்கை மேலேயே பட்டையைச் சுற்றிவிட்டு
"போன மாசச் சம்பளம் வந்துச்சா" என்று
கேட்டுக்கொண்டே பொத்தானை அமுக்கினான் கம்பவுண்டர்.
வரவில்லை.

டாக்டர் பிந்து என் லைசென்ஸ் தாளைத்
திருப்பித் தரவில்லை, கிழிக்கவும் இல்லை.
"ஒரு வாரம். ரூமில் நீயே பாரு.
காலையில் ரெண்டு, ராத்திரி ரெண்டு.
எல்லாத்தையும் எழுது."
எல்லாத்தையும் என்பதன் அடியில்
பேனாவால் கோடு போட்டார்.

சோஹார் கடைத்தெருவில் பதினோரு ரியால்.
பெட்டிமேல் ஒரு குடும்பம் சோபாவில் சிரிக்கிறது.
முதுகு சாயும் நாற்காலியில் அமரவும் என்கிறது தாள்.
எங்கள் அறையில் ஆறு கட்டில் உண்டு.
நாற்காலி இல்லை.
கீழ்க்கட்டிலில் சாய்ந்தால் பாதம் தரை தொடாது,
நுனிக்கு வந்தால் முதுகுக்கு ஒன்றுமில்லை.
கடைசியில்
பெயிண்ட் டப்பாவைச் சுவரோரம் கவிழ்த்தேன்.
கையை நெஞ்சு உயரத்தில் வைக்க
அரிசி மூட்டை.
மாதக் கடைசி, மூட்டை தளர்ந்து கிடந்தது.
போர்வையை மடித்து ஏற்றினேன்.

அப்புறம் ஐந்து நிமிடம்
சும்மா இருக்க வேண்டும்.
முட்டிய மூத்திரத்தோடு இருந்தால் கணக்கு ஏறுமாம்,
கக்கூஸ் வரிசையிலோ எனக்கு முன்னே ஒன்பது பேர்.
திரும்பி வந்து உட்கார்ந்தால்
ரஃபிகுல் மீன் பொரிக்கிறான்.
தங்கமாரியப்பன் மச்சினனோடு வீடியோவில் சண்டை.
நடுவில் என்னிடமும் நியாயம் கேட்கிறான்.
பதில் சொன்னேன்.
பன்னிரண்டு ஏறிவிட்டது, அவன் மச்சினனால்.

குர்தேவ் தானும் பார்க்கணும் என்றான்.
அவன் புஜத்துக்குப் பட்டை எட்டவில்லை,
இழுத்து ஒட்டினோம், நூற்றுத் தொண்ணூறு.
பயந்து போய் ரொட்டியைத் தள்ளிவைத்தான்.
தாளின் பின்பக்கம் பொடியெழுத்தில் இருந்தது:
தடித்த கைக்குப் பெரிய பட்டை, தனி விலை.
படித்துச் சொன்னதும்
ஆறு ரொட்டி தின்றான்.

மூன்றாம் நாள் இரவு
நூற்று ஐம்பத்துநாலு.
நூற்று நாற்பத்தொன்பது.
நூற்று ஐம்பத்தொன்று.
படுத்துக்கொண்டு, கையைத் தூக்கித்
தலைக்குமேல் வைத்து இன்னொன்று:
நூற்று முப்பத்தேழு.
அதை மட்டும் எழுதினேன், நல்ல கையெழுத்தில்.

மறுநாள் யார்டில் ஒரு பைப் கட்டு.
சீட்டில் ஆறு டன்.
தரையை விட்டு ஒரு சாண் எழும்புமுன்னே
காட்டியில் எட்டேமுக்கால், சிவப்பு விளக்கு.
இறக்கினேன்.
ஃபோர்மன் கீழேயிருந்து சீட்டை ஆட்டி ஆட்டிக் காட்டுகிறார்.
நான் ஹாரனை அடித்தேன், அவ்வளவுதான்.
பதினான்கு வருடமாக இந்தக் கூண்டில்
காட்டியோடு நான் பேரம் பேசியதில்லை.
இன்னொரு தரம் தூக்கினால் குறையும் என்று
எந்தப் பாரத்தையும் தூக்கிப் பார்த்ததில்லை.

அன்று இரவு நோட்டைத் திறந்து
முப்பத்தேழுக்குப் பக்கத்தில்
விட்டுப்போன மூன்றையும் எழுதினேன்.
இடம் போதாமல் ஓரத்தில் ஏறிப் போயிற்று.

இன்று வெள்ளி.
டீ குடித்து அரைமணி ஆகட்டும் என்று காத்திருந்தேன்.
வெறுங்கை. முழங்கைமடிப்புக்கு இரண்டு விரல் மேலே பட்டை.
யாரும் சொல்லாமலே ரஃபிகுல் அடுப்பைத் தணித்தான்.
ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
பட்டை இறுகுகிறது.
கடன் கேட்கப் போகிறவன்
கையைப் பிடித்துக்கொண்டு தயங்குகிற மாதிரி,
பிறகு கேட்காமலே விடுகிறது.

நூற்று நாற்பத்தேழு, தொண்ணூற்று மூன்று.
ஒரு நிமிடம் கழித்து
நூற்று நாற்பத்துநாலு, தொண்ணூற்று இரண்டு.

மாத்திரை எழுதுவார்.
லைசென்ஸ் எப்போது என்று தெரியாது.
இரண்டையும் எழுதி, நேரமும் போட்டேன்.

நாளை ஒன்றாம் தேதி,
புது மூட்டை வரும்.
போர்வை தேவைப்படாது.